தொண்ணூற்றிரண்டரை

கோத்தகிரிக்கு ஓர் எண், மேட்டுப்பாளையத்துக்கு ஓர் எண்.
மேலே தொண்ணூற்றிரண்டரை. கீழே நூறு.
பித்தளையில் இரண்டு மெயின் ஜெட்,
கடுகு நுழையாத துளை.
மாத்திரைப் பட்டையின் காலிக் குழிகளில் வைத்து
டேப் ஒட்டி, சட்டைப் பையில்.

பின்சீட்டுப் பெட்டியில் வேறு சரக்கு:
ஐஸுக்கு நடுவே நாற்பது ரத்தக் குழாய்கள்,
ஊதா மூடி, சிவப்பு மூடி,
பெயர் இல்லை, எண் மட்டும்.
பத்தரைக்குள் கீழே லேபில் சேர வேண்டும்.

வாங்கின புதிதில் என் ஆர்எக்ஸ் நூறு
டானிங்டன் ஏற்றத்தில் இருமியது.
மூன்றாம் கியரில் முனகி, இரண்டில் அழுது,
பின்னால் வந்த பஸ்ஸின் முகமெல்லாம் புகை.
கழற்றினால் பிளக் கறுப்பு, விறகடுப்புச் சுவர் போல.
காற்று கம்மியான இடத்தில் பெட்ரோல் அதிகம்;
காய்ச்சல்காரன் இலையில் சோற்றைக் குவித்த மாதிரி.
ஜெட்டைக் குறைத்தேன்.
நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றினேன்.
காற்றுத் திருகை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து,
இன்னும் கால், இன்னும் அரைக்கால்,
எல்லாம் காதால்.
தடதடப்பு ஓரிடத்தில் நேராகும்.
அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.
எடுக்கத் தெரியாமல் இரண்டு ஞாயிறு போச்சு.

பிறகு பிளக் பிஸ்கட் நிறம்.
ஏற்றத்தில் வண்டி பாடவில்லை, பேசியது. போதும்.

ஆனால் நான் மலையில் மட்டுமா இருக்கிறேன்?
இறங்க இறங்கக் காற்று தடிக்கும்,
காது இரண்டு முறை அடைத்துத் திறக்கும்.
மலைக்கென்று மெலிய வைத்த கலவை
சமவெளியில் பட்டினி.
பட்டினியை எஞ்சின் சொல்லாது, சூடேறும்.
பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.
விடாது.

அதனால் தினம் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிறுத்தி,
பெட்ரோலை மூடி, கிண்ணத்தைக் கழற்றி,
ஒன்றை எடுத்து ஒன்றைப் போட ஏழு நிமிஷம்.
வனக்காவலர் பெள்ளிராஜ் டார்ச் பிடிப்பார்:
"பேசாம ரெண்டு வண்டி வாங்கிரு தங்கச்சி."

ஐப்பசியில் ஒரு காலை. மூட்டம். விரல் மரத்திருந்தது.
நூறு நழுவியது.
தாரில் ஒரு சின்னச் சத்தம்,
அப்புறம் ஈர இலைகள், குரங்கு தின்ற கடலைத்தோல்,
மண்டியிட்ட நான், மண்டியிட்ட அவர்.
கோத்தகிரி பஸ் ஒன்று நின்று ஹெட்லைட் போட்டது.
"என்னம்மா, தோடா?" என்றார் கண்டக்டர்.
தோடுன்னே வச்சுக்கங்க என்றேன்.

கிடைக்கவில்லை. ஐஸ் உருகும். மணி ஒன்பது இருபது.
தொண்ணூற்றிரண்டரையையே திரும்ப மாட்டி
சோக்கைப் பாதி இழுத்தேன்.
குளிர்காலைக்கென்று வைத்த பெட்ரோலைக் கடன் வாங்கும் வழி.
பாதியில் நிற்காது என்றது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.
ஐம்பதுக்கு மேல் முறுக்கவில்லை.
ஓடந்துறையில் வெயில். முழங்காலில் எஞ்சின் அனல்.
பாலத்தில் ஒரு லாரியை முன்னே போகவிட்டேன்,
வாழ்க்கையில் முதல்முறை.

நஸ்ரீன் குழாய்களை எண்ணி வாங்கினாள்.
மலைக்காரங்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்,
காத்து கம்மியில்ல, உடம்பு தானா ஏத்திக்கும் என்பாள்.
ஸ்பானர் வேண்டாத வேலை.
அன்றைக்கு மிஷின் காட்டியது: ஆறு புள்ளி எட்டு.
"மலையில இருந்துமா?" என்றாள், என்னிடம் இல்லை.
மறுபடி ஓட்டினாள். ஆறு புள்ளி ஏழு.
ஊதா மூடி, இருபத்தேழு.
என் பெட்டியின் வலது மூலையில் வந்தது.

வெளியே வந்து பிளக்கைக் கழற்றினேன்.
வெள்ளை. சாம்பல்கூட இல்லை, வெள்ளை.
முனையில் மட்டும் ஒரு பழுப்புக் கீற்று.

எதிர்க்கடையில் நூறு இருந்தது. இரண்டு வாங்கினேன்.
கடைக்காரர் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
நானும் பார்த்தேன்:
தெரு, ஓர் ஆட்டோ, லேபின் கதவு,
எல்லாம் ஒரு துளைக்குள்.

சாயங்காலம் ரிப்போர்ட் கவர்களோடு ஏறினேன்.
இருபத்தேழாவது மற்றவை போலவே மெலிசு.
ஏறுவதற்குச் சரியான எண் ஏற்கெனவே வண்டிக்குள்.
குஞ்சப்பனையில் நிறுத்த வேண்டியதில்லை.
நிறுத்தினேன்.
பெள்ளிராஜ் ஒரு குச்சியால்
இன்னும் இலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.