ஒரு பிரிவை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

தாராவி தொண்ணூறடி ரோடு.
மணிக்கு இருபது ரூபாய் பிரவுசிங் சென்டர்.
மழைக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
தவசிமுத்து அண்ணாச்சி உட்கார மாட்டேன் என்கிறார்.
என் தலைக்கு மேலாகத் திரையைப் பார்க்கிறார்,
ஐ.சி.யூ. கண்ணாடி வழியே பார்ப்பதுபோல.

பெயர் கேட்டது, அடித்தேன்:
ஜெபமணி குளிர்பெட்டி சர்வீஸ், சயான்.
முகவரி கேட்டது, அடித்தேன்.
பிரிவு கேட்டது.

வீட்டு உபயோகம்?
ஒரு ராத்திரிதான் வீட்டில் இருக்கும்.
குளிர்சாதனத்தில் முழுக்க ஐஸ்கிரீம்காரர்கள்.
வாடகைப் பொருட்களில்
கல்யாண நாற்காலிக்கும் பாட்டுக் கச்சேரி ஸ்பீக்கருக்கும் நடுவே
எங்கே போய் நிற்பது?
மருத்துவம்? அது கைவிட்ட பிறகுதானே
நமக்குப் போன் வருகிறது.
"அந்தா, பயணம்னு போட்டிருக்கே சலோமி," என்றார் அண்ணாச்சி.
"இன்னைக்கு ராத்திரி வேன் எடுத்தா
நாளன்னைக்கு விடியக்காலம் வள்ளியூரு. அதைப் போடு."
போட்டேன்.

விவரம் இருபத்தைந்து சொற்களுக்குள்.
சிறந்த என்று எழுதக் கூடாது.
நம்பர் ஒன் கூடாது, மலிவு கூடாது,
ஆச்சரியக்குறி கூடவே கூடாது.
"செத்தவனைப் புகழ்வாங்க," என்றார்,
"பெட்டியை எவன் புகழ்ந்தான்?"

கடைசியில் ஒரு வரி இருந்தது:
உங்கள் தளத்தை ஒரு மனிதர் பார்வையிடுவார்.
திரும்பத் திரும்ப அனுப்பினால்
வரிசையின் வாலுக்குப் போவீர்கள்.
"மனுசனா?"
ஆமாம்.
"சம்பளம்?"
இல்லையாம்.
அண்ணாச்சி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
"அப்ப பொறுமையாத்தான் பாப்பான்."

ஜூலை போனது.
திருநெல்வேலிக்கு ஆறு, சேலத்துக்கு ரெண்டு,
மாஹிம் கல்லறைக்கு ஒரு சின்னப் பெட்டி,
அதற்கு வாடகை வாங்கவில்லை.
வரிசையில் நாங்கள் எத்தனையாவது என்று
கேட்க ஆளில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி, பதினொன்றே கால்.
போனில் ஒரு பெண், இந்தியில்.
ஜெபமணி சர்வீஸா?
ஆமாம், என்று பேனாவைத் திறந்து
வழக்கம்போல் முதல் கேள்வி கேட்டேன்:
உயரம் எவ்வளவு?

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"ஐந்தடி இரண்டு," என்றாள்.
எழுதிக்கொண்டேன்.
எந்த ஆஸ்பத்திரி?
"ஐயோ, இல்லை. அது என் உயரம்.
டைரக்டரியிலிருந்து பேசுகிறேன்,
நம்பர் வேலை செய்கிறதா என்று பார்க்க."

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.
பேர் விபாவரி. காட்கோபர். பகலில் பேங்க்.
பிள்ளை தூங்கிய பிறகு தினம் நாலு தளம் பார்ப்பாளாம்.
பாதிக்கு மேல் பொய்யாம்.
போன் அடிக்காது, அடித்தால் எடுக்க மாட்டார்கள்.
"நீங்கள் ரெண்டாவது மணியிலேயே எடுத்தீர்கள்."
எடுக்காமல் இருக்க முடியாது, என்றேன்.
"பயணம் என்று போட்டிருக்கிறீர்கள். அது சரிவராது."
பின்னே எங்கே?
அவளுக்கும் தெரியவில்லை.
அவள் ஜன்னலிலும் அதே மழை இரைந்தது.

ஒன்பதாம் நாள் வந்துவிட்டோம்.
எங்களுக்கென்றே புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தாள்:
மும்பை, இறுதிச் சேவைகள்.
என் இருபத்திரண்டு சொற்களில் எட்டுதான் மிச்சம்:
குளிர்பெட்டி வாடகை. தமிழ்நாட்டுக்கு வேன். இரவும் பகலும்.
அதன் பின்னால் அவளே சேர்த்தது:
போனை எடுக்கிறார்கள்.

பிரிவின் பெயருக்குப் பக்கத்தில்
அதில் எத்தனை தளம் என்ற கணக்கு: 1.
அண்ணாச்சி விரல் வைத்துக் காட்டினார்.
"நாம போடக் கூடாதுன்னுட்டு
அவங்களே போட்டுட்டாங்க பாரு, நம்பர் ஒன்னுன்னு."
பிரவுசிங் சென்டர் பையனுக்கு டீ சொன்னார்.

பேரேட்டில் அந்த வரியை
நான் இன்னும் அடிக்கவில்லை.
ஐந்தடி இரண்டு.
பெயர், ஊர், முன்பணம்,
மூன்று கட்டமும் காலி.