ஒன்பது புள்ளிகள்

சாட்ஸ்வர்த்தில், என் படுக்கையறையில் எழுதிய தேர்வு.
வரிக் கணக்கியல், மூன்றாம் தாள்.
மடிக்கணினியின் கேமரா எண்ணி வைத்திருந்தது:
இரண்டு மணி நேரத்தில்
இருநூற்றுப் பதினான்கு முறை
இந்த மாணவி திரைக்கு வெளியே பார்த்தாள்.

வெளியே இருந்தவை
ஆறிப்போன ரூய்போஸ் தேநீர்,
ஒரு கால்குலேட்டர்,
பக்கத்து வீட்டு நாய் தாண்டிய சுவர்.

திருட்டு முழி.
பள்ளியில் கேட்டுப் பழகிய சொல்தான்.
எந்திரம் அதை எண்ணில் சொல்கிறது,
அவ்வளவே.

இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லதாம்.
எனக்கு இரண்டும் துடிக்கின்றன,
இருபத்து மூன்று வருடமாக.
கணக்குப்படி நான் இந்நேரம்
ஒரு நாட்டையாவது ஆண்டிருக்க வேண்டும்.

சான்று கொண்டு வா என்றார்கள்.
டாக்சியில் நால்வர் மடியில் நெருக்கி
டர்பன் போய்ச் சேர்ந்தேன்.
ஆய்வுக்கூடத்தில் நோம்செபோ.
தாடையை இங்கே வை. நெற்றியை ஒட்டு. அசையாதே.
ஒன்பது புள்ளிகள் வரும், ஒவ்வொன்றாக,
போகும்வரை பார்.

பார்த்தேன்.
ஒன்றையும் விடாமல் ஒன்பதையும் பார்த்தேன்.
கண் கிடைக்கவில்லை
என்றது எந்திரம்.

மறுபடி.
கிடைக்கவில்லை.

மூக்குக்கு மேலே இரண்டு இருக்குமே,
தேடச் சொல்லுங்கள் என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு
சிரித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும்.
எனக்கு எதுவும் ஆடுவதில்லை.
சுவர் சுவராக நிற்கிறது.
எழுத்து வரியில் இருக்கிறது.
அக்காள் கல்யாண வீடியோவில்தான்
முதன்முதலாக என் கண்களைப் பார்த்தேன்,
தாலி கட்டும்போது, பின்வரிசையில்,
கூண்டுக்குள் இரண்டு குருவிகள்போல.
ஓ, இதைத்தானா
எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

மூன்றாவது முறை, ஐந்தாம் புள்ளியில்,
அட்டவணைப்படி மின்சாரம் போனது.
ஜன்னல் இல்லாத அறை.
இருட்டிலும் ஆடுமா என்று கேட்டாள்.
ஆடும் என்றுதான் நினைக்கிறேன்,
உன்னுடையது?
தெரியவில்லையே என்றாள்,
உண்மையாகவே யோசித்து.

ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது
என் கழுத்து தன் இடத்துக்குப் போயிருந்தது:
தாடை இடத்தோளின் பக்கம்,
கண்கள் வலது ஓரம்.
தூரத்துப் பெயர்ப்பலகை படிக்கும்போது
நான் நிற்கிற நிலை.
கர்வக்காரி என்று
பாதித் தெரு பேசுகிற நிலை.

அங்கேயே இரு என்றாள்.
தாடைத்தாங்கியின் திருகைக் கழற்றி
எந்திரத்தை என் பக்கம் திருப்பினாள்.

திரையில் ஒரு ரம்பம் ஓடியது.
மெல்ல விலகல், சட்டென்று திரும்பல்,
மெல்ல விலகல், சட்டென்று.
ஒவ்வொரு பல்லின் அடியிலும்
ஒரு துளி சமதரை.
கரையைத் தொட்ட அலை
திரும்புமுன் நிற்குமே, அந்த அளவு.
இங்கேதான் நீ பார்க்கிறாய் என்று
பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.
இந்தச் சிறு இடங்களிலா
நான் மூன்று தாளும் எழுதினேன்?

கோயிலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்,
ஆளுக்கொரு திசை.
யாரும் அவர்களிடம் சான்று கேட்டதில்லை.
எள் விளக்கு ஏற்றிச் சுற்றி வருகிறோம்.

விசாரணை வியாழக்கிழமை.
நீள மேசை, மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குடுவை.
ரம்பத்தின் அச்சுப்பிரதியைத்
தலைகீழாகப் பிடித்திருந்தார் நடுவில் இருந்தவர்.
மிஸ் பெருமாள்,
என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.
இப்போது தெளிவாகத் தெரிந்தார்:
நரைத்த புருவம், காதோரம் சோப்பு நுரை,
சட்டையின் இரண்டாவது பொத்தான்
மூன்றாவது துளையில்.

சொல்கிறேன் ஐயா,
என்றேன் அவரைப் பார்த்து.