முதல் வகுப்பு

டீசல் கணக்கு நோட்டைத் தலைகீழாய்த் திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினேன்.
திங்கள், நாற்பத்தொன்று. செவ்வாய், முப்பத்தெட்டு.
புதன் நான் தொழிலுக்குப் போய்விட்டேன்;
புதனில் அவள் அம்மாவின் கையெழுத்து:
இருபது வரை எண்ணினேன்.

ஜெனிட்டாவுக்கு மூன்று வயது.
இட்லி வாயில் இருக்கும்போதே இடது தோள் வெட்டும்.
உதடு ஒருபக்கம் இழுக்கும். அப்புறம்
யாரோ கூப்பிட்ட மாதிரி எங்கேயோ பார்ப்பாள்.
கற்றுவைத்த எட்டுப் பேச்சில்
'தண்ணி' போனது, 'அத்தை' போனது.

திருவனந்தபுரத்தில் டாக்டர்
தாளில் வட்டம் போட்டு நடுவே கோடு கிழித்தார்.
வலது பாதியை வெளியே எடுக்கமாட்டோம்,
இருந்த இடத்திலேயே இருக்கும்,
இடதோடு பேசவிடாமல் அறுத்துவிடுவோம்.
நான் பாம்பன்காரன். இரண்டு கடலுக்கு நடுவே வீடு.
வடகடல் குளமாய்க் கிடக்கும் மாதத்தில்
தென்கடல் வள்ளத்தைத் தூக்கி எறியும்.
நடுவில் அடைத்துவிட்டால்
அந்தப் பக்கத்துக் கடல் என்ன செய்யும்?
கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு வருடம்.
மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஏழாவது வருடம்
ஒரே ஒரு வெட்டு, விடிகாலையில்.
மறுபடி மாத்திரை. அதோடு சரி.
'முதல் வகுப்பு' என்று எழுதினார் டாக்டர்.
ஆபரேஷனுக்குப் பிறகு நின்றுபோனவர்களுக்கு
அதுதான் பெயராம். அந்த ஒன்று கணக்கில் சேராதாம்.
பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கில் பதினொன்று.
இடப்பக்கம் வருகிற ஆட்டோ அவளுக்குக் கிடையாது.
இடது கை, சொன்னால் விரியாது;
தூக்கத்தில் தானாக விரிந்து கிடக்கும்.
இதற்கெல்லாம் எந்த வகுப்பு என்று
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இப்போது லீவு நாளில் நண்டுக் கம்பெனிக்குப் போகிறாள்.
மூடின இடது கையால் நண்டின் முதுகை அமுக்கி
வலது கையால் கொடுக்கில் நூல் சுற்றி
முடிச்சைப் பல்லால் இழுக்கிறாள்.
மற்றவர்கள் நூறு கட்டினால் இவள் அறுபது.
கடிபட்டது கிடையாது.

நான் இன்னும் நடுக்கடலில்
இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.
எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும்.

போன வாரம் நோட்டு அவள் கையில் சிக்கியது.
'இது என்னப்பா கணக்கு?'
நண்டு என்றேன்.
ஒரு நாளைக்கு நாற்பத்தொன்றா, என்றாள்,
நல்ல சீசன்தான்.
சொல்லிவிட்டு, தன் பழைய வழக்கப்படி
முகத்தை முழுதாக இடப்பக்கம் திருப்பி
என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.
காதுக்கு மேலே அந்தத் தழும்பில் மட்டும்
இன்னும் முடி முளைக்கவில்லை.

நடுவில் நிறையப் பக்கம் சும்மா கிடக்கே,
கம்பெனிக் கணக்கை இதில் எழுதிக்கவா?
எழுதிக்கொள் என்றேன்.
எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று
நோட்டை ஒரு கையால்
இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.