பைஸ் நான்கு

பதினொரு ஸ்கோர் புத்தகங்களையும் நளீமையும்
கடல் ஒரே காலையில் கொண்டுபோனது.
புத்தகங்கள் கழகத்துத் தகரப் பெட்டியில் இருந்தன.
பெட்டிச் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது.
எதற்கென்று கேட்காதீர்கள்.

ஆகவே றிபாய்தீன் எத்தனை பேரைப் பிடித்தான்,
கோட்டை விட்டுக் கால் தூக்கிய எத்தனை பேரின்
பெயில்ஸைத் தட்டினான் என்று
சாய்ந்தமருதில் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள்.
முன்னூறு என்பார்கள். சைக்கிள் கடையில் கேட்டால் ஐந்நூறு.
எழுதியவன் நான். நானும் சொல்லமாட்டேன்.

அவன் கையை வாசிக்கலாம், கொஞ்சம்.
வலது மோதிரவிரல் வெளிப்பக்கம் திரும்பியது
காத்தான்குடி ஆட்டத்தில், தொண்ணூற்று மூன்று.
நடுவிரல் மொளி வீங்கியது பெருமழை வருசம்,
ஈரப்பந்து, இரவல் கையுறை,
பஞ்சு போன இடத்தில் மடித்து வைத்த சாரத் துண்டு.
இடது சின்னவிரலுக்கு மட்டும் எனக்குத் தேதி தெரியாது.
தேர்தலன்று அதில் மை பூச வந்தவள்
நிமிர்த்திப் பிடியுங்கள் என்றாளாம்.
"இதுதான் தங்கச்சி நிமிர்ந்தது" என்றானாம்.

துடுப்போடு ஏழாவதாக இறங்குவான்.
முப்பத்தெட்டுக்கு ஐந்து.
வீடு பற்றி எரிந்த பிறகுதான் அவனைக் கூப்பிடுவார்கள்,
அவனும் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு
வாளி தூக்குகிறவன் மாதிரிப் போவான்.
வெபர் மைதானத்தில் எண்பத்தெட்டு,
வாவிக் காற்று குறுக்கே அடிக்க அடிக்க.
மற்ற முனையில் ஆள் தீர்ந்துபோனது.
சதம் இல்லை. ஒருநாளும் இல்லை.
"பன்னிரண்டு ஓட்டம் மச்சான்,
பயணி வாங்காமப் போன மிச்சக் காசு" என்பான்,
கல்முனை டிப்போவில் கண்டக்டர்.

ஆனால் ஆளை அறிய வேண்டுமென்றால்
உதிரிகளில் 'பைஸ்' என்றொரு சின்னக் கட்டம் இருக்கிறதே,
அதைப் பார்க்க வேண்டும்.
ஒன்றும் எழுதாத கட்டம்.
ஐம்பது ஓவர், முன்னூறு தரம் குந்தி எழும்பி
ஒருவன் உழைத்துச் சேர்த்த வெறுமை.
அதற்கு யார் கைதட்டுவார்கள்?
ஆட்டம் முடிய நான் அதில் சிவப்புப் பேனையால்
ஒரு கோடு இழுப்பேன். அவ்வளவுதான் அவனுக்கு மரியாதை.

இப்போது ஜும்ஆவில் கதிரையில் இருந்து தொழுகிறான்.
முழங்கால் இரண்டும் முடிந்துவிட்டது.
போன வெள்ளி தொழுகை கலைந்து
செருப்புக்குள் கால் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தவன்
திடீரென்று கேட்டான்:
"அந்த வாழைச்சேனை ஆட்டத்தில நாலு ஓட்டம்,
லெக் பைஸ் எண்டுதானே எழுதின நீ?"

நான் பேசவில்லை.

"அம்பயர் கையத்தான் உசத்தின. முழங்காலத் தொடல்ல.
அவன்ட கால்ல படவே இல்ல.
எண்ட காலுக்கு இடையால போன பந்து."

"நாம வெண்ட ஆட்டம்டா அது."

"ஓம், வெண்டதுதான்."

"புத்தகமே கடலுக்குள்ள. எங்க திருத்துற?"

கடைக்குப் போய் ஒரு சீஆர் கொப்பி வாங்கி வந்தான்.
பள்ளிவாசல் மதிலில் வைத்துக் கோடு போட்டேன்.
எதிரணியில் யார் யார் ஆடினார்கள், தெரியாது.
எங்கள் மொத்தம் எவ்வளவு, தெரியாது.
பக்கம் முழுக்க வெறுங்கட்டங்கள்,
கீழே ஓரிடத்தில் மட்டும்: பைஸ் 4.
அவன் குனிந்து பார்த்தான்,
கொப்பியைக் கிறுக்கி வைத்து இன்னொரு தரம் பார்த்தான்.

"பந்து போட்டது யாரு?" என்று கேட்டேன்.
நேரம் எடுத்தது. ஒரு பஸ் போனது, ஹோர்ன் அடித்துக்கொண்டு.
"நளீம்," என்றான். "நளீமாத்தான் இருக்கும்."

பைஸ் பந்துவீச்சாளன் கணக்கில் சேராது.
என்றாலும் பெயரை எழுதினேன்.