வண்டிச்சோலையில் எடுப்பு

அவர்கள் பாட்டு இருபத்திரண்டு நிமிடம்.
குன்னூர் விழாவில் கொடுத்தது ஆறு.
போனை வைத்துவிட்டு ஜெரோம்
கேரட் கழுவும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.
நான் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

கட்டபெட்டில் அந்தக் கொட்டகை
பகலில் எனக்கு, இரவில் அவர்களுக்கு.
வாடகைக்குப் பதிலாகத் தரையைக் கழுவிவிடுவார்கள்,
சுமாராக.

எந்த ஆறை வைத்துக்கொள்வது?
ஆலாபனையில் கை வைக்காதே என்றாள் வைதேகி.
யோகேஸ்வரன் தப்பைத் தணலில் காட்டிக்கொண்டே
கடைசி அடியை எடுத்தால்
பண்டாரவளைக்கே திரும்பிப் போவேன் என்றான்.
அவன் பிறந்தது அரவேணுவுக்குக் கீழே ஒரு லைன் வீட்டில்.
ஹாலன் பேசவில்லை,
புகுரியைத் தட்டி எச்சிலை உதறினான்.

"வண்டியிலேயே ஆரம்பிச்சிடுங்களேன்" என்றேன்,
கேலிக்கு.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு நாலு மணி, வண்டிச்சோலை.
பிக்கப்பின் பின்னால் வெற்றுச் சாக்குகள், தார்ப்பாய், அவர்கள்.
ஜெரோம் கேபின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான்.
எடு.

ஏழரை என்றால் எங்கள் வீட்டில் எள் விளக்கு ஏற்றுவோம்.
இவர்களுக்கு அது தாளம்.
ஏழு எண்ணி, எட்டாவதின் பாதியில் திரும்பிவிடுவார்கள்,
வளைவில் லாரியைப் பார்த்தவன் மாதிரி.
மூன்று மாதம் கேட்டும் எனக்குப் பிடிபடாதது
அன்றைக்குக் கிளட்சில் பிடிபட்டது.
இரண்டாம் கியர். பாதியில் கால். மறுபடி இரண்டாம் கியர்.
ஒரு பள்ளத்தில் வைதேகியின் சுரம்
பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு,
போனது தெரியாதமாதிரி திரும்பி வந்தது.

சிம்ஸ் பூங்காவுக்கு மேலே, சாலை நடுவில் காட்டெருமை.
ஹாரன் அடித்தால் சுருதி என்னாகும்?
எஞ்சினை அணைத்தேன்.
ஜெரோம் ஒரே கம்பியில் நின்றான்.
ஹாலன் ஒரு மூச்சை நீட்டினான், அதன்மேல் இன்னொன்றை.
அது கேட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
அசை போட்டது, ஏழரைக்கு அல்ல.
பிறகு தேயிலைக்குள் இறங்கிப் போனது.
பின்னாலிருந்து தப்பு "போ" என்றது.
எனக்கா அதற்கா, தெரியவில்லை.

எட்டாம் நிமிடம், அரங்க வாசல்.
வாசித்துக்கொண்டே குதித்தார்கள்,
வாசித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.
"வண்டிய இங்க நிறுத்தாதய்யா" என்றான் காவலாளி.

அந்த ஆறு நிமிடமும் நான்
பூந்தொட்டி ஏற்றிய ஒரு வேனுக்குப் பின்னால்
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்,
யோகேஸ்வரனின் உதடு எண்ணிக்கொண்டே.
உள்ளே ஒருவர் கை தட்டினார்,
முடியவில்லையோ என்று நிறுத்திக்கொண்டார்.

ஏற்றத்தில் மூடுபனி.
தப்பின் தோல் தளர்ந்து,
முட்டைக்கோஸ் தரையில் விழுவது போல ஒலித்தது.
நிறுத்தவில்லை அவன். அதே அடி, ஈரமாக.
வயலின் இறங்கி வந்து அவனோடு நடந்தது.
கடைசிப் பாதி எங்கே விழும் என்று
எனக்கு இப்போது தெரியும்.
வண்டிச்சோலையில், பிரேக்கை அங்கேதான் வைத்தேன்.

தார்ப்பாயை விலக்கி ஹாலன் கேட்டான்,
"எப்படி அண்ணே?"
முழுப் பாட்டையும் கேட்டவன் நான் என்று நினைப்பு.
"நடுவுல என்ன வந்தது?" என்றேன்.
நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள்.
அதிலேயே சண்டை, கட்டபெட்டு வரை.

இப்போது விடிகாலை மூன்று மணிக்கு
நாற்பது மூட்டை கேரட்டோடு
குஞ்சப்பனை இறக்கத்தில் பாட்டைத் தொடங்குகிறேன்.
எட்டு நிமிடம் வரை தடங்கலில்லை.
பிறகு வாயை மூடிக்கொள்கிறேன்.
தார்ப்பாய் அடிக்கிறது, பிரேக் வாசனை,
எதிரே ஒரு பால் வண்டி வெளிச்சத்தைத் தாழ்த்துகிறது.
கடிகாரத்தில் ஆறு நிமிடம் பார்த்துவிட்டு
மறுபடி சேர்ந்துகொள்கிறேன்.