வருகை: மூன்று

ஓபேத் தம்பி,
கேத்தியில் இது உங்களுக்கு முதல் உறைபனி.
காலையில் பைக் கிளம்பாது,
ராத்திரியே சாக்கு போட்டு மூடிவிடுங்கள்.

வாலிபர் கூட்டத்துக்கு வருகை மூன்று என்று
கமிட்டியில் வாசித்தவன் நான்தான்.
மின்கட்டணம் வாசிக்கிற அதே குரலில்.
நீங்கள் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை
லோடுக்குப் பணம் கொடுக்க
பாலாடா கேரட் கழுவுமிடத்துக்குப் போனேன்.
மணி இரண்டு. மிஷின் உருள்கிறது.
தண்ணீரில் நின்ற பையன்களில்
ஏழு பேர் நம் சபைப் பிள்ளைகள்.
நடுவே, முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு
மூட்டை பிடித்துக்கொண்டு நீங்கள்.

ஜெபம் இல்லை. கிட்டாரும் இல்லை.
எஸ்றாவின் மகன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான்,
நீங்கள் ஊசியைக் கையில் வைத்தபடி
தைக்க மறந்து நின்றீர்கள்.
நான் லாரி மறைவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.
அதை எழுத
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

நாசரேத்துக்கே போய்விடலாமா என்று
பேக்கரிக்காரரிடம் கேட்டீர்களாம்.
போவதானால் போங்கள், தடுக்க வரவில்லை.
இந்தக் கம்பூட்ஸை மட்டும் போட்டுப் பாருங்கள்.
ஒன்பதாம் நம்பர்; வாசலில் கிடந்த செருப்பை
அளந்துதான் வாங்கினேன்.
சபைக் கணக்கில் இல்லை, என் பேரில்தான் பில்.

அப்புறம்,
சனிக்கிழமை ராத்திரி எனக்கும் தூக்கம் வருவதில்லை.
ஐம்பத்தெட்டை வாலிபம் என்று யாரும் ஒப்பமாட்டார்கள்.
ஆனால் மூட்டை தைக்கத் தெரியும்.
ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருகிறேன்,
பையன்களுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டுமா,
கேட்டுச் சொல்லுங்கள்.