அங்குலம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்

தொண்ணூற்றாறில் நான்
'எமது களுவாஞ்சிக்குடி நிருபர்'.
பேர் போடமாட்டார்கள். போட்டிருந்தால்
ஊரில் இருந்திருக்க ஏலாது.

அச்சேறியதை அடிமட்டம் வைத்து அளந்து
மாதக் கடைசியில் கொழும்புக்கு அனுப்பவேண்டும்.
அங்குலத்துக்கு இரண்டு ரூபாய்.
தலைப்பு கணக்கில் சேராது.

நேற்று ஒரு சீமெந்துப் பைக்குள்
எலி மிச்சம் வைத்த நறுக்குகள் கிடைத்தன.

ஓந்தாச்சிமடம் பாலத்தடியில் முதலை.
நான் ஆறடி என்று எழுதினேன்.
கல்முனை நிருபர் உதுமாலெப்பை ஒன்பதடி என்றார்.
மட்டக்களப்பு நிருபர் பாலத்தைக் காணாமலே
பன்னிரண்டடி, கூடவே ஒரு குட்டி.
ஞாயிறு தண்ணி வத்த
முதலை தென்னங்குற்றியாகித் தரைதட்டிக் கிடந்தது,
முதுகில் நீர்க்காகம் சிறகு காயவைத்தபடி.
ஒரு பத்திரிகையும் மறுப்புப் போடவில்லை.
மறுப்புக்கு அங்குலம் குறைவு.

அவசரமென்றால் நாகமணியின் கொமினிகேசன்.
நிமிசத்துக்குக் காசு. லைனுக்குள் கடல் இரையும்.
நான் கத்திக் கத்திச் செய்தி சொல்ல
கியூவில் நின்ற சனம் திருத்தும்:
"ரெண்டு மாடில்ல கா, மூணு."
"அவள் பொஞ்சாதியில்ல, மச்சாள்."
மூன்றாம் நாள் பேப்பர் வரும். வாங்க ஆளிராது.
"அதுதான் ஒன்ட வாயாலயே கேட்டுத்தமே."

அதிபர் கோணேசபிள்ளைக்குப் பிரியாவிடை.
'அருமையான அதிபர்' என்றுதான் எழுதினேன், சத்தியமாய்.
கையெழுத்து என்னுடையது,
கண் கொழும்பினுடையது.
'எருமையான அதிபர்' என்று வந்தது.
ஆதம்லெப்பையின் சைக்கிளில் வந்த அறுபது பேப்பரும்
எட்டரைக்குள் முடிந்த ஒரே நாள் அது.
நாலாம் நாள் திருத்தம் போட்டார்கள்.
முதல் தரம் தவறவிட்டவர்களும் வாசித்தார்கள்.
அதிபர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
செருப்பை மாட்டும்போது சொன்னார்:
"எனக்கு எருமை நாலு கிடக்கு.
நீ எழுதினது முழுப்பொய்யுமில்ல."
அடுத்த கிழமை ஒரு முட்டி தயிர் வந்தது.

அந்த வருசம்தான் அரசாங்கம் மணிக்கூட்டைப் பிடித்தது.
ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி
மறுகா ஐப்பசியில் அரை மணி பின்னுக்கு இழுத்தது.
படுவான்கரை அசையவில்லை.
குருமண்வெளியில் எட்டரைக்குப் பாதை ஏறினால்
வெள்ளக்குட்டி கம்பூன்றிக் கொண்டுபோய்
எட்டேகாலுக்கு மண்டூரில் இறக்குவான்.
கட்டணம் அதேதான். மிச்சம் பிடித்த நேரத்துக்கு
அவன் ஒன்றும் கேட்டதில்லை.

தவராசா இந்தக் கரை, பத்மலோசினி அந்தக் கரை.
முகூர்த்தம் ஒன்பது பத்து.
எந்த ஒன்பது பத்து என்று ஐயர் எழுதவில்லை.
மாப்பிள்ளை பந்தலுக்குள் வர
பொம்பிளைக்குத் தலை காயவில்லை.
எங்கள் மணிக்கூட்டில் ஒன்பது பத்தானதும்
மாப்பிள்ளையின் அத்தான் எழும்பிக் கத்தினார்,
மேளகாரன் பயத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டான்.
ஐயர் வெளியே போய்ச் சூரியனைப் பார்த்தார்.
"இவருக்கு ஒருத்தரும் அறிவிக்கல்ல," என்றார்.
அரை மணி கழித்து மறுகா மேளம்.
தாலி ஒருக்காத்தான்.
நாலு அங்குலத்துக்கு எழுதினேன்.
கொழும்பு வெட்டி ஒன்றாக்கியது:
'காலை ஒன்பது பத்துக்குச் சுபமுகூர்த்தத்தில்.'
இரண்டு கரைக்கும் திருப்தி.

நறுக்குகளை ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன்.
இடைக்கிடை பத்து நாள், இருபது நாள் ஒன்றுமில்லை.
எலியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.
இல்லை. அந்த நாட்களில்
வேறு செய்திகள் இருந்தன.
முன்பக்கம் போதாமல் உள்ளே வந்து
என் மாட்டையும் முதலையையும் தள்ளிவிட்டன.
கோணேசபிள்ளை எருமையான அன்று
எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் சாகவில்லை போலிருக்கிறது.

கடைசி மாதக் கணக்கு இன்னும் வரவில்லை.
பதினேழரை அங்குலம்,
முப்பத்தைந்து ரூபாய்.
முதலையைச் சேர்க்கவில்லை.